கலிங்கில் ஒரு தாழம்புதர்

1938 நவம்பர் 3, வியாழன்

காலையில் பூச்சி கடித்து இடது கண் வீங்கிவிட்டது. இயற்கையின் மடியில் தங்கினால் இதெல்லாம் இலவசம்.

சேலம் செவ்வாய்ப்பேட்டையில் செத்துப்போன மளிகை வியாபாரிகளுக்கு மீசை எழுதியே பத்து வருஷம் போயிற்று. ஏரியும் வானமும் எழுதினால்தான் நானும் ஓவியன் என்று வீறாப்பாகக் கிளம்பி வந்தாயிற்று. புங்கமேட்டு ஏரிக்கரையில் தன் தோட்டத்துச் சாளை வீட்டை ஒழித்துக் கொடுத்தவர் அப்புசாமிக் கவுண்டர். மதராஸ் கண்காட்சிக்குப் படத்தை அனுப்புவதும் அவர் பொறுப்பு. டிசம்பர் பத்து கடைசி நாள்.

"ஏனுங்க, ஏரிக்குப் பக்கத்துல நம்ம கரும்பும் கொஞ்சம் தெரியட்டுமுங்க" என்றார். பக்கத்திலா? கரும்பு ஏரிக்குள்ளேயே அல்லவா நிற்கிறது! எனக்கென்ன, பச்சை எங்கே இருந்தாலும் பச்சைதான்.

நவம்பர் 5

மழை. சாயம் காயவில்லை. நானும் காயவில்லை.

நவம்பர் 9

அகப்பட்டுவிட்டது! ஏரி நிரம்பினால் மிச்சத் தண்ணீர் வழிவதற்குக் கல் அடுக்கிக் கட்டியிருக்கிறார்கள், கலிங்கு என்று பெயர். அதில் நாலைந்து கல் பெயர்ந்த சந்து வழியே தண்ணீர் வெள்ளை வெளேரென்று கொட்டுகிறது. அருவியேதான். கவுண்டர் அந்தப் பக்கம் வேலி போட்டு நாயையும் விட்டிருப்பதால் ஊர் ஆள் யாரும் போவதில்லை. இப்பேர்ப்பட்ட அழகைப் பார்க்கக் கொடுத்துவைக்காத ஜனங்கள்! நான் விருந்தாளி, நாய் என்னிடம் வாலாட்டுகிறது.

நவம்பர் 19

படம் முடிந்தது. சாளை வாசலில் சாய்த்து வைத்தேன், ஊரே திரண்டு வந்தது. ஒருவன் எருமை யாருடையது என்று கேட்டான். இன்னொருவன் அதற்குக் கொம்பு கோணல் என்றான். வானத்தை ஒரு பயல் பார்க்கவில்லை.

எனக்குச் சோற்றுத்தூக்கு கொண்டுவரும் மாரக்காள் மட்டும் அசையாமல் நின்றாள். ஏரியின் கடைமடையில் அவளுக்கு அரை ஏக்கர் நெல் வயல். சொக்கிப்போய்விட்டாள் என்று நினைத்தேன். அவள் அருவியைக் காட்டி, "சாமி, இது நெசமாலுமே இப்படித்தான் இருக்குதுங்களா?" என்றாள்.

"உள்ளது உள்ளபடி" என்றேன், மிதப்பாக.

"அப்பக் கல்லைப் பேத்துப் போட்டாங்க. ஏரி ரொம்புனா உள்ள இருக்கற கரும்பு முழுகிப் போயிருமுங்க. அதுக்கோசரம் வர்ற தண்ணியெல்லாம் ஓடையில உடறாங்க. எங்க மடைக்கு ஏறாம இருக்கறது இதனாலதானுங்க."

என் அருவி அவர்கள் வயல் தண்ணீராம்.

நவம்பர் 21

கடைமடைக்காரர்கள் மனுக் கொடுத்துவிட்டார்கள். கவுண்டர் இளநீரோடு வந்தார். "அந்த எடத்துல ஒரு தாழம்பொதர் இருந்தா அளகா இருக்குமுங்களே. இல்லீன்னா மதராசுக்கு அனுப்பிப் போட்டு என்னத்துக்குங்க?"

கலை யாருக்கும் வளையாது என்று முழங்கினேன். இளநீரையும் குடித்தேன். சாயங்காலம் புதர் எழுதினேன். நன்றாகவே வந்திருக்கிறது. துப்புக்கெட்டவனே!

நவம்பர் 24

மனுவை விசாரிக்க ரெவினியூ இன்ஸ்பெக்டர் வந்தார். விசாரணை கோழிக் குழம்பில் தொடங்கி வெற்றிலையில் முடிந்தது. கரையை அண்ணாந்து பார்த்தார், வெயில். படத்தைப் பார்த்தார், நிழல்.

"அடடா, தத்ரூபம்!" என்று சொல்லிப் படத்தின் எதிரே நாற்காலி போட்டு உட்கார்ந்து எழுதிக்கொண்டார்: கலிங்கு நல்ல நிலையில் உள்ளது, அருகில் புதர் மண்டியிருக்கிறது.

தத்ரூபம் என்று இந்தப் பத்து வருஷத்தில் ஒருவர் சொன்னதில்லை. மனசு குளிர்ந்துதான் போயிற்று, பொய் சொல்வானேன்.

நவம்பர் 25

மாரக்காள் தூக்கை வைத்தாள். முகம் பார்க்கவில்லை. "மொதல்ல எழுதுனப்பத் தண்ணி போறதாச்சும் தெரிஞ்சுதுங்க. இப்ப அதும் தெரியாமப் பண்ணிப் போட்டீங்க. நாத்து உட்டுட்டு உக்காந்திருக்கறமுங்க, சாமி."

சாமியாம். என்னத்த சாமி! அந்த இன்ஸ்பெக்டர் கரை ஏறாததுக்கு நானா பொறுப்பு? — நான்தான். வேற எவன்? புதர் எவன் கை எழுதிச்சு?

நவம்பர் 26

டர்ப்பன்டைனில் துணியை நனைத்துப் புதரைத் துடைத்தேன். புதரின் சாயம் இன்னும் காயவில்லை, அதனால் கையோடு வந்துவிட்டது. அடியில் தண்ணீர் கொட்டிக்கொண்டிருக்கிறது. கவுண்டரிடம் சொல்லிக்கொள்ளாமல் படத்தோடு சேலம் பஸ் ஏறினேன். வழியனுப்ப நாய் மட்டும் வந்தது.

டிசம்பர் 10, சேலம்

மதராஸ் கண்காட்சிக்கு இன்று கடைசி நாள். புது மனுவோடு படத்தையும் தூக்கிக்கொண்டு ரெவினியூ மேல் கச்சேரியில் எனக்கும் மாரக்காளுக்கும் இது மூன்றாம் நாள். இன்றுதான் குமாஸ்தா நிமிர்ந்து பார்த்தார்.

"படம் இவ்வளவு பெரிசாக இருந்தால் காகிதக் கட்டுக்குள் எப்படி வைப்பது? நாலாக மடித்துக் கொடும்."

"எண்ணெய்ச் சாயம் ஐயா, மடித்தால் வெடித்து உதிர்ந்துவிடும்."

"அப்படியானால் எடுத்துக்கொண்டு போம்."

மாரக்காள் பக்கத்தில் நின்றாள். என் கையையே பார்த்தாள். அதற்குப் பதில் திட்டியிருக்கலாம்.

சட்டத்திலிருந்து ஆணிகளை நானே பிடுங்கினேன். நானே மடித்தேன். வானம் குமாஸ்தாவின் மேஜை மேல் பொடிப்பொடியாக உதிர்ந்தது. அவர் வாயால் ஊதித் தள்ளினார். கலிங்கை மட்டும் மடிப்பு விழாமல் மேலே வரும்படி வைத்துக் கொடுத்தேன். அதைப் பார்த்தவர் உள்ளே போய்வந்து, புதன்கிழமை வேறு அதிகாரி நேரில் கரை ஏறிப் பார்ப்பார் என்று சொல்லி ரசீது நீட்டினார்: 'சாயம் பட்ட துணி, ஒன்று.'

"என்னங்க சாமி எழுதியிருக்குது?" என்றாள் மாரக்காள்.

"படம் வந்து சேர்ந்தது" என்று படித்துக் காட்டினேன்.