எல்லைக் கல்லுக்கு இந்தப் பக்கம்

டிச. 2, திங்கள்
காலையிலிருந்தே பனிமூட்டம். கரடியூர் பஸ் தாமதம். குடை அலுவலகத்தில்.

கன்னிமார் கோயில் ஊற்றை எங்கள் தொண்டு நிறுவனம் சுத்தம் செய்து, மூடி போட்டு, தொட்டி கட்டி ஒரு வருஷம் ஆகப்போகிறது. சோதனையில் தண்ணீருக்குப் பழுது சொல்லவில்லை. ஆனாலும் மகளிர் குழுவில் இருக்கும் பூங்கொடியின் மூன்று வயது மகளுக்கு மறுபடி வயிற்றுப்போக்கு. கண்ணெல்லாம் உள்ளே போய்விட்டது. நர்ஸிடம் தூக்கிக்கொண்டு ஓடினோம். தேறிவிட்டாள். எனக்குத்தான் மனசு ஆறவில்லை. நல்ல தண்ணீர் இருந்தும் ஏன்?

வாங்க வேண்டியது: சோப்பு, டார்ச் பேட்டரி, உப்பு சர்க்கரைப் பொட்டலம்.

டிச. 3, செவ்வாய்
கொஞ்சம் வெயில். காப்பிப் பழம் பறிப்பு மும்முரம். பழம் கழுவிய தண்ணீர் ஓடையில் பழுப்பாக. நாற்றம்.

பூங்கொடி வீட்டுக் கொல்லையில் அவளோடு பழம் பொறுக்கினேன். ஆண்கள் யாரும் இல்லை. அப்போதுதான் வாய் திறந்தாள்.

"ஏனுங்க மேடம், தூரமான நாள்ல கன்னிமாருகிட்ட போவ முடியுங்களா? எல்லைக் கல்லத் தாண்டக் கூடாதுங்க. அந்த நாளுக்கு ஓடைத் தண்ணிதானுங்க. எங்க ஊட்டுல வேற பொம்பள இல்ல. அவரும் இருட்டோட எஸ்டேட்டுக்குப் போயிருவாரு."

"இத்தன கூட்டம் போட்டமே, ஏங்க சொல்லல?"

"பூசாரி உக்காந்திருக்கையில எப்புடிங்க சொல்றது?"

தலையில் அடித்துக்கொள்ளலாம் போல. எல்லாக் கூட்டமும் கோயில் வாசலில். மாதவிலக்கில் தூரமானவர்கள் வரவே முடியாத இடம். வந்தவர்களின் கையெழுத்தை மட்டும் ஒழுங்காக வாங்கிவைத்தோம்.

டிச. 4, புதன்
குளிர். விரல் மரத்துப்போகிறது.

மகளிர் குழுப் பெண்கள் பூசாரி வீட்டுக்கு. நான் பின்னால். பூங்கொடிதான் கேட்டாள், தரையைப் பார்த்தபடி. தொட்டியிலிருந்து கல்லுக்கு வெளியே வரை ரப்பர் ஓஸ் போட்டு ஒரு குழாய் வைத்தால், தூரமானவர்கள் அந்தத் தண்ணீரைத் தொடலாமா?

பூசாரி சொன்னார்: "கன்னிமாரு எல்ல அந்தக் கல்லோட சரி. தாண்டி வந்துட்டா ஊர்த் தண்ணி கண்ணு. போட்டுக்குங்க." அவ்வளவுதான். ஒரு வருஷமாகக் கேட்காத கேள்வி. சந்தோஷமாகவும் இருந்தது, எரிச்சலாகவும் இருந்தது.

சாயங்காலம் எங்கள் நிறுவனச் செயலாளர் போனில்: "வெள்ளிக்கிழமை நிதி குடுக்கறவங்க வர்றாங்க. ஐ.நா.வோட ஆறாவது இலக்குப் பேனர ஊத்துகிட்ட கட்டிருங்க. போட்டோவுல நீங்கதான் நடுவுல நிக்கோணும்." நல்ல மனுஷர். இந்த ஊற்றுக்காக எத்தனையோ படி ஏறி இறங்கியவர்.

டிச. 5, வியாழன்
பக்கத்துத் தோட்டத்துப் பழைய ஓஸைக் கழுவி இழுத்தோம். தண்ணீர் முதலில் இருமியது, அப்புறம் வந்தது. பெண்கள் ஆளுக்கொரு யோசனை, ஒரே சிரிப்பு.

பேனர் கட்டினேன். 'அனைவருக்கும் சுத்தமான குடிநீர்.' அந்த முதல் வார்த்தையைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டே நின்றேன்.

டிச. 6, வெள்ளி
பளிச்சென்று வெயில். பஸ்ஸிலேயே தெரிந்துவிட்டது, எனக்கு நாள் முந்திவிட்டது.

எனக்கு இதிலெல்லாம் நம்பிக்கை கிடையாது. பேசாமல் ஏறிப்போனால் யாருக்கும் தெரியாது. கல்லருகே வந்ததும் கால் நின்றுவிட்டது. பூங்கொடி பூசாரி முன்னாலேயே பேசியதை நான் மறைப்பதா?

செயலாளர் மேலிருந்து கூப்பிட்டார். "மேடம், மேல வாங்க. உங்களுக்காகத்தான் நிக்கறாங்க."

"நான் வரலீங்க சார். தூரமுங்க."

சத்தமாகவே வந்துவிட்டது. விருந்தாளிகள், பூசாரி, எல்லார் காதிலும் விழுந்தது. முகம் எரிந்தது. செயலாளர் பாவம், நன்றாக இருந்த பேனர் கயிற்றை அவிழ்த்துக் கட்டினார். நானில்லாமலே போட்டோ எடுத்தார்கள்.

புதுக் குழாயடியில் பூங்கொடி குடத்தை நகர்த்தி இடம் விட்டாள். இடுப்பில் மகள்.

"வாங்கக்கா. இது நம்ம கொழாய்."

நேற்று வரை மேடம். சொம்பு நிறையப் பிடித்துத் தந்தாள். பல் கூசும் குளிர்ச்சி. பாதி குடிப்பதற்குள் குழந்தை சொம்பைப் பிடுங்கிக்கொண்டது.