பட்டாணி குரைத்த வாரம்

நவம்பர் 10, திங்கள்

இன்று எண்பது ஜோடி படுக்கை விரிப்பு. ஓட்டல்காரர்கள் உதறிக்கூடப் பார்ப்பதில்லை, அப்படியே மூட்டை கட்டி எங்கள் சலவைக்கூடத்துக்கு அனுப்பிவிடுகிறார்கள். ஒன்றுக்குள் பாதி தின்ற கோழிக்கால். இன்னொரு மூட்டையில் தலையணை உறை முழுக்கத் தலைச்சாயம். பிரிக்கிற மேசையில் நான் நின்றால் போதும், மற்றவர்களை மேற்பார்வையாளர் வேறு வேலைக்கு அனுப்பிவிடுகிறார். எந்தக் கறையும் என் கண்ணுக்கும் மூக்குக்கும் தப்பாதாம். எட்டு வருஷம் ஊரார் அழுக்கை முகர்ந்ததற்குக் கிடைத்த பட்டம்.

வீட்டுக்கு வந்தால் என் மகள் ஜன்னல் கம்பியை நக்கிக்கொண்டு நிற்கிறாள். கீழ்வீட்டுத் தையல்காரரின் நாயோடு ஒரு வாரமாகப் பேச்சுவார்த்தை. அது ஒரு தடவை குரைத்தால் பட்டாணி ரெண்டு தடவை. இன்னும் ரெண்டு வயது நிரம்பவில்லை. தெரிந்ததே நாலு வார்த்தை, அதில் ஒன்று நாயுடையது.

நவம்பர் 11, செவ்வாய்

பட்டாணிக்கு மூக்கு ஒழுகுகிறது. துடைக்கப் போனால் கடிக்கிறாள். என் தோள்தான் அவளுக்குக் கைக்குட்டை.

நவம்பர் 12, புதன்

சாயங்காலம் பட்டாணி அசல் நாய் மாதிரியே குரைத்தாள். என் வீட்டுக்காரர் வீடியோ எடுத்துக் குடும்ப வாட்ஸப் குழுவில் போட்டார். இருபத்தேழு பேர் சிரிப்பு முகம் போட்டிருக்கிறார்கள். இவளை டீவியில் சேர்த்துவிடு என்று நாத்தனார் எழுதியிருக்கிறாள். உடம்பு லேசாகச் சுடுகிறது. தூங்கிவிட்டாள்.

நவம்பர் 13, வியாழன்

வேலைக்குப் போகவில்லை. ரெண்டு தடவை குளித்தும் கழுத்தில் வாந்தி வாடை போகவில்லை.

ராத்திரி ஒரு மணி இருக்கும். வவ், வவ் என்று சத்தம். எனக்கு எரிச்சல்தான் வந்தது, இந்நேரத்தில் என்ன விளையாட்டு என்று. விளக்கைப் போட்டேன். பட்டாணி எழுந்து உட்கார்ந்திருந்தாள். வாய் அழுகிறது, குரல் வரவில்லை. மூச்சை உள்ளே இழுக்கும்போதெல்லாம் தண்ணீர் வராத குழாய் மாதிரி ஒரு கீச்சுச் சத்தம். தொண்டைக்குழி உள்ளே போய்ப் போய் வருகிறது. மறுபடி வவ். விளையாட்டு இல்லை. இருமல் அது. அப்படியானால் சாயங்காலம் குரைத்ததும் —

நாத்தனாருக்குப் போன் போட்டேன். அவளுக்குத்தான் உலகத்து வைத்தியமெல்லாம் தெரியுமே. தண்ணீரைக் கொதிக்கவைத்து முகத்தை ஆவியில் பிடி, ரெண்டு நிமிஷத்தில் சரியாகிவிடும் என்றாள். பிடித்தேன். பிள்ளை திமிறினாள், பாத்திரம் ஆடியது, சுடுதண்ணீர் என் முழங்கையில் கொட்டியது. நல்லவேளை, அவள்மேல் படவில்லை. அழ அழ மூச்சு இன்னும் அடைத்தது. பிறகு பாலும் சளியுமாக என் கழுத்தில் வாந்தி. பிசுபிசுவென்று முதுகுவரை இறங்கியது. துடைக்கத் தோன்றவில்லை.

அவர் வந்து பாத்திரத்தைத் தள்ளிவைத்தார். "அழ விடாத. அழுதா இன்னும் அடைக்கும்." எங்கள் ரெண்டு பேரையும் சேர்த்து ஒரு போர்வையைச் சுற்றி மாடிப்படிக்குக் கூட்டிக்கொண்டு போனார். வெளியே நல்ல குளிர். அவர் லிஃப்ட் மெக்கானிக். நடுவில் மாட்டிக்கொண்டவர்களிடம் கதவிடுக்கு வழியாகப் பேசுவதற்கென்று ஒரு குரல் வைத்திருக்கிறார். அந்தக் குரலில் பிள்ளையிடம் சொன்னார்: "இதோ தொறந்துடும் கண்ணு. அப்பா வெளியதான் நிக்கிறேன். மெதுவா, மெதுவா."

மூச்சு கொஞ்சம் இளகியது. ஆனால் கீச்சுச் சத்தம் நிற்கவில்லை. கண்ணாடியை இறக்கிவிட்டு டாக்ஸியில் ஆஸ்பத்திரிக்குப் போனோம்.

அவசரப் பிரிவில் தரை காலில் ஒட்டியது. நாற்காலிக்கு அடியில் யாரோ பிய்த்துப் போட்ட பிளாஸ்திரி, பழைய ரத்தத்தோடு. பக்கத்தில் ஒருவர் நகம் கடித்துக் கடித்துத் துப்பிக்கொண்டிருந்தார். அதற்குள் பட்டாணியின் மூச்சு பாதி அடங்கிவிட்டது. இருமலே இல்லை. டாக்டரம்மாவின் ஸ்டெதாஸ்கோப்பைப் பிடித்து இழுக்கிறாள். ஒன்றுமில்லாததற்கு ஓடிவந்தவர்கள் மாதிரி எனக்கு மானம் போயிற்று. இருமல் எப்படி இருந்தது என்று டாக்டரம்மா கேட்டார். என்ன சொல்வது? அத்தனை பேருக்கு நடுவில் நான் குரைத்துக் காட்டுவதா?

என் வீட்டுக்காரர் செல்போனை எடுத்து அந்த வீடியோவைப் போட்டார். டாக்டரம்மா ரெண்டு தடவை கேட்டார். போதும் என்றார். குரல்வளைக்குக் கீழே வீங்கியிருக்கிறதாம், சாதாரண சளிக் கிருமிதானாம், குளிர்காற்றில் தணிந்து மறுபடி வருமாம். ஆவி கூடவே கூடாது, வெந்துவிடும் என்றார். ஒரே ஒரு வேளை மருந்தை வாயில் ஊற்றி, விடியும்வரை வைத்திருந்து அனுப்பினார்கள். மூச்சு இழுக்கிற சத்தம் மறுபடி கேட்டால் யோசிக்காமல் வரச் சொன்னார்கள்.

எந்த லிஃப்டில் எந்தச் சக்கரம் தேய்ந்திருக்கிறது என்று காதாலேயே கண்டுபிடிக்கிறவராம் இவர். சொந்தப் பிள்ளையின் தொண்டை மட்டும் கேட்கவில்லை. திணறுகிற குழந்தையைப் படம் பிடித்து ஊருக்கெல்லாம் காட்டியிருக்கிறார். அதே கையால் அவள் முதுகைத் தடவியபோது எனக்குக் குமட்டிக்கொண்டு வந்தது. சீ. என்ன மனுஷன்.

அவரோடு பேசவில்லை. பேசப்போவதுமில்லை.

நவம்பர் 14, வெள்ளி

ராத்திரி இருமல் மறுபடி வந்தது, லேசாக. கீச்சுச் சத்தம் இல்லை. மாறி மாறி மடியில் நிமிர்த்தி வைத்துக்கொண்டோம். கை மாறும்போதுகூட நான் அவர் முகத்தைப் பார்க்கவில்லை.

வீடியோவுக்கு இன்னும் சிரிப்பு முகம் வந்துகொண்டிருக்கிறது. முப்பத்தொன்று. போனைக் கவிழ்த்துவைத்தேன்.

நவம்பர் 15, சனி

வியாழக்கிழமை எழுதியதில் ஒன்றை விட்டுவிட்டேன். மறந்து விடவில்லை.

டாக்டரம்மா வீடியோவைச் சத்தத்தைக் கூட்டித்தான் கேட்டார். முதலில் பட்டாணியின் இருமல். அடுத்து ஒரு சிரிப்பு. என் சிரிப்பு. அதற்குப் பிறகு இவர் குரல், மெதுவாக: "ஏய், தொண்ட கட்டியிருக்கற மாதிரி இல்ல?" அதற்கு நான்: "சும்மா இருங்க, நடிக்கிறா. இன்னொரு தடவ, செல்லம். இன்னொரு தடவ குரைச்சுக் காட்டு."

காட்டினாள். கண்ணில் தண்ணீர் வர வர இருமினாள். இருமி முடித்து, நான் சிரிக்கிறேனா என்று என் முகத்தைப் பார்த்தாள். சிரித்தேன். குழுவில் போடுங்க, போடுங்க என்று அவரைப் பிடுங்கியெடுத்ததும் நான்தான்.

இதையெல்லாம் டாக்டரம்மா ரெண்டு தடவை கேட்டார். என்னை நிமிர்ந்து பார்த்தார், ஒன்றும் சொல்லவில்லை. நறுக்கென்று நாலு வார்த்தை திட்டியிருக்கலாம். வீட்டில் இவரும் சொல்லவில்லை. மூன்று நாளாக நான் மூஞ்சியைத் தூக்கிவைத்துக்கொண்டிருக்கிறேன், நீதானேடி என்று ஒரு வார்த்தை? சொல்லித் தொலைச்சிருந்தா சண்டையாவது போட்டிருப்பேன்.

எவனோ எச்சில் துப்பின விரிப்பைக்கூட முகம் சுளிக்காமல் எடுக்கிறவள் நான். அவரைப் பற்றி என்னவெல்லாம் எழுதினேன். இந்த நோட்டைத் தொடவே அருவருப்பாக இருக்கிறது. அந்தப் பக்கத்தைக் கிழிக்கப் போனேன். கிழிக்கவில்லை. கிடக்கட்டும்.

ராத்திரி பட்டாணி தூங்கின பிறகு அவரிடம் கேட்டேன்.

"ஏன் ஒண்ணுமே சொல்லல?"

புரியாத மாதிரி நடிக்கவில்லை. "லிஃப்ட்டுக்குள்ள மாட்டினவங்ககிட்டப் போய், யாரு பட்டன அமுக்குனீங்கன்னா கேப்பாங்க?" என்றார். பிறகு என் முழங்கையைத் திருப்பிப் பார்த்து, இதற்கு மருந்து போட்டாயா என்று கேட்டார். போடவில்லை.

நவம்பர் 16, ஞாயிறு

குழுவிலிருந்து வீடியோவை எடுத்துவிட்டார். என் போனில் இருக்கிறது. அழிக்கப்போவதில்லை.

நவம்பர் 19, புதன்

மூன்று ராத்திரி நல்ல தூக்கம். குரலும் திரும்பிவிட்டது.

சாயங்காலம் கீழே நாய் குரைத்தது. மேலே ஜன்னலில் வவ், வவ். நான் சோப்புக் கையோடு ஓடிவந்தேன். அவர் குளியலறையிலிருந்து பாதி நுரையோடு ஓடிவந்தார். ரெண்டு பேரும் அவள் முதுகில் ஆளுக்கொரு பக்கம் காதை வைத்தோம். கீச்சுச் சத்தம் இல்லை. மூச்சு சுத்தமாக இருந்தது. வெறும் நாய்தான்.

பட்டாணி திரும்பி என் முகத்தைப் பார்த்தாள். வாயைத் திறந்து வைத்துக்கொண்டு காத்திருந்தாள். எனக்குச் சிரிப்பே வரவில்லை. பாவம், எவ்வளவு நேரம் காத்திருப்பாள்? சிரித்துவைத்தேன்.

இன்னொரு தடவை என்று மட்டும் சொல்லவில்லை.