அம்மா போட்ட நேர்க்கோடு

அன்புள்ள பாப்பாவுக்கு,

அப்பா எழுதுவது. நானும் அம்மாவும் வேளைக்குச் சாப்பிட்டு, தூங்கி, நடுவில் நேரம் கிடைத்தால் சண்டையும் போட்டுக்கொண்டு இருக்கிறோம், நீயும் குளிருக்குக் காதை மூடிக்கொண்டு உடம்பைப் பார்த்துக்கொள்வாய் என்று நம்புகிறேன். போன் இருக்கும்போது இதென்ன கடிதம் என்று கேட்பாய். போனை எடுத்தால் உன் அம்மா பக்கத்தில் வந்து உட்கார்ந்துவிடுகிறாள், அவளை வைத்துக்கொண்டு சொல்ல முடியாத விஷயம், அதனால் பட்டறையில் உட்கார்ந்து எழுதுகிறேன். பயப்படாதே என்று முதல் வரியிலேயே எழுதப் பார்த்தேன், பயப்படலாமா கூடாதா என்று எனக்கே தெரியாததால் விட்டுவிட்டேன்.

ஆஸ்பத்திரியில் எக்ஸ்ரே எடுத்தே பழகியவள் ரிடையர் ஆகிச் சும்மா உட்கார்ந்தால் என்னை எக்ஸ்ரே எடுக்க ஆரம்பித்துவிடுவாள் என்று சொல்லி, அந்தக் குட்டி வேன் செய்கிற பெட்டியையும் உன் பழைய கேமராவையும் நீதான் அனுப்பினாய். நல்ல காரியம்தான், ஆனால் தலையும் புரியாமல் வாலும் புரியாமல் தவிப்பது நான். துண்டு துண்டாக ஒட்டி, நீலப் பெயின்ட் அடித்து, கண்ணாடி மாதிரி ஆக்கினாள், என் பட்டறையில்கூட அப்படி ஒரு வேலை வருஷத்துக்கு ஒன்று வந்தால் பெரிது. மறுநாள் பார்க்கிறேன், பஞ்சுத் துண்டால் அதன்மேல் துரு நிறப் பெயின்ட்டைத் தொட்டுத் தொட்டு வைக்கிறாள். கதவு இடுக்கில் கறுப்புத் தண்ணீர் ஓடவிடுகிறாள், சக்கரத்தில் மண் நிறப் பொடியைத் தூவுகிறாள். வாழ்நாள் முழுக்க வண்டியின் துருவை உப்புத்தாள் போட்டுத் தேய்த்துச் சாப்பிட்டவன் எதிரில் உட்கார்ந்துகொண்டு செய்கிற வேலையா இது? கேட்டால், புதுசாக இருந்தால் பொம்மை, அழுக்கானால்தான் வண்டி என்கிறாள். சரி, நம் தொழிலைத் தலைகீழாகச் செய்கிறாள் என்று வாயை மூடிக்கொண்டேன்.

வானத்தைப் படம் எடுக்கிற கதை இதைவிட மோசம். மொட்டை மாடியில் முக்காலியை நிறுத்தி, ஒரே மூலையைத் திரும்பத் திரும்ப எடுப்பாள். எல்லாம் முடிந்ததும் கேமராவின் மூடியைப் போட்டு, மூடியோடேயே இன்னும் கொஞ்சம் எடுப்பாள். உன் மாமா அதைப் பார்த்துவிட்டு, அக்காவுக்கு ஏதோ ஆகிவிட்டது என்று என்னைத் தனியாகக் கூப்பிட்டுச் சொன்னான். அவளிடம் கேட்டேன். கேமராவுக்குள்ளேயே சில பொய்ப் புள்ளிகள் இருக்குமாம், மூடி போட்டு எடுத்தால் அது மட்டும் பதியுமாம், அப்புறம் கம்ப்யூட்டரில் நல்ல படத்திலிருந்து அதைக் கழித்துவிடுவார்களாம். கறுப்புப் படத்தைப் பத்திரப்படுத்துகிற ஒரே வீடு நம் வீடுதான் என்றேன், சிரித்தாள். அன்றைக்கே எனக்கு ஒன்று தீர்மானமாகிவிட்டது, இந்தப் பொழுதுபோக்கில் கெட்டது எல்லாம் நல்லது, நல்லது எல்லாம் கெட்டது, நாம் கேள்வி கேட்கக் கூடாது.

பாப்பா, அங்கேதான் நான் ஏமாந்தேன். கொஞ்ச நாளாக அவள் படங்களை அழித்துக்கொண்டே இருந்தாள். நட்சத்திரம் எல்லாம் இழுபட்டுக் கிடக்கிறது, கேமரா போய்விட்டது என்று சலித்துக்கொள்வாள். எனக்கு அவை ஊசி குத்தின மாதிரித் தெளிவாகத்தான் தெரிந்தன. ஆனால் துருவை ஏற்றுகிறவர்கள், மூடி போட்டு எடுக்கிறவர்கள், தெளிவான படத்தையும் அழிப்பார்கள்போல என்று நினைத்துக்கொண்டேன். வாயைத் திறந்து ஒரு வார்த்தை சொல்லவில்லை.

பிறகு அந்த வேனின் பக்கவாட்டில் ஒரு வெள்ளைக் கோடு போட்டாள். காலையிலிருந்து மூச்சைப் பிடித்துக்கொண்டு போட்டாள். முடித்துவிட்டு, எப்படி இருக்கிறது என்று என்னிடம் நீட்டினாள். கோடு நடுவில் பாம்பு மாதிரி வளைந்திருந்தது. நானும் இந்தக் கலையைக் கற்றுக்கொண்டுவிட்டேன் என்று காட்ட வேண்டாமா? "கோடு நல்லா நெளிஞ்சு வந்திருக்கு, அசல் அடிபட்ட வண்டி" என்று பாராட்டினேன். அவள் வேனைத் திரும்ப வாங்கிப் பார்த்தாள். "நெளிஞ்சிருக்கா? நான் நேராத்தானே போட்டேன்" என்றாள். பிரஷைக் கழுவி வைத்துவிட்டு, ஜன்னல் பக்கம் போய் ஒரு கண்ணைப் பொத்திக் கம்பியைப் பார்த்தாள், மறு கண்ணைப் பொத்திப் பார்த்தாள். அதன் பிறகு வேனைத் தொடவே இல்லை.

கண் டாக்டரிடம் போனோம். கண்ணுக்குள் பின்பக்கத்தில் நீர் கசிகிறதாம், அதனால் நடுப்பார்வை வளைகிறதாம், வலது கண்ணில் அதிகம், இடதிலும் தொடங்கிவிட்டது. கண்ணுக்குள் ஊசி போட வேண்டும், சீக்கிரம் தொடங்கினால் இருக்கிற பார்வையைக் காப்பாற்றலாம், தள்ளிப்போட்டால் நடுவில் இருப்பது போய்விடும் என்றார். யோசித்துச் சொல்கிறேன் என்று எழுந்து வந்துவிட்டாள். கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு அடுத்தவர் எலும்பில் மயிரிழை விரிசலைத் தேடினவளுக்குத் தன் கண்ணுக்கு வைத்தியம் என்றால் கசக்கிறது. "எத்தனை பேரை அசையாம இருங்கன்னு அதட்டியிருக்கேன், நான் அசைஞ்சுட்டா?" என்கிறாள். உன்னிடம் சொல்லக் கூடாது என்று கட்டளை வேறு. கோபப்படுவதா கெஞ்சுவதா என்று தெரியவில்லை, ஒரு நாள் அதையும் ஒரு நாள் இதையும் செய்கிறேன், இரண்டும் பலிக்கவில்லை. எனக்குப் பயமாக இருக்கிறது பாப்பா. நீ சொன்னால் கேட்பாள். அப்பா சொன்னார் என்று சொன்னாலும் பரவாயில்லை, வாங்கிக் கட்டிக்கொள்கிறேன், ஊசிக்கு நாள் குறிக்க வை. முடிந்தால் லீவு போட்டு வா, முடியாவிட்டால் தினமும் பேசு.

வெளியில் வாங்கித் தின்று வயிற்றைக் கெடுத்துக்கொள்ளாதே, உன் வண்டியின் கதவுக்கு அடியில் துரு பிடிக்கிறதா என்று குனிந்து பார், அது நிஜத் துரு, விட்டால் தின்றுவிடும். நீயும் உன்னைச் சேர்ந்தவர்களும் ஒரு குறையும் இல்லாமல் நன்றாக இருக்க வேண்டும். ஞாயிற்றுக்கிழமை வீடியோவில் கூப்பிட மறந்துவிடாதே. ஒன்று மட்டும் முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன். இப்போதெல்லாம் அவள் பேசும்போது என் முகத்தைப் பார்க்காமல் காதைப் பார்க்கிறாள். கோபமாக்கும் என்று இருந்தேன், கேட்டதற்கு, மங்கலான நட்சத்திரத்தைக் கொஞ்சம் தள்ளிப் பார்த்தால்தான் தெரியும், நீங்களும் மங்கிவிட்டீர்கள் என்று கேலி செய்தாள். நீ கூப்பிடும்போதும் அவள் உனக்குப் பக்கத்தில் எதையோ பார்ப்பது போல இருக்கும். "இங்க பாரும்மா" என்று சொல்லிவிடாதே. உன்னைத்தான் பார்த்துக்கொண்டிருப்பாள்.

என்றும் உன் நலம் கோரும்,
அப்பா