எக்ஸ்குளூசிவ் என்பதற்கு நான் சொன்ன கருத்து

போட்டோக்கொப்பி இயந்திரத்திலிருந்து சூடாக வரும் தாளின் மணம் எனக்குப் பழகிப்போனது. கலியாணம் முடித்துக் கிளிநொச்சிக்கு வந்து இந்தக் கடையைத் திறந்த நாளிலிருந்து அதைத்தான் சுவாசிக்கிறேன். நேற்று ஒரு பிள்ளை ஆறு பக்கத் தாள் ஒன்றைத் தந்து இரண்டு கொப்பி கேட்டாள். மேலே மொடலிங் ஏஜென்சி என்று இருந்தது. நீ கையெழுத்து வைத்த தாளும் ஆறு பக்கந்தான்.

வரிசையில் நின்றவர்களை மறந்து அவளுக்கு வகுப்பு எடுக்கத் தொடங்கிவிட்டேன். ஏஜென்சியோடு கையெழுத்து வைப்பதில் பல விதம் இருக்கிறது என்றேன். ஒரு விதத்தில் எந்த வேலைக்கும் அவர்கள் மூலமாக மட்டுமே போகலாம், வேறு யார் கூப்பிட்டாலும் வாயைப் பொத்திக்கொண்டு இருக்க வேண்டும். இன்னொரு விதத்தில் நாலு இடத்தில் பெயர் கொடுத்து, வேலை தருகிறவர்களோடு போகலாம். தாய் ஏஜென்சி என்றும் ஒன்று உண்டு, முதலில் கண்டெடுத்தவர்கள் வெளிநாட்டு ஏஜென்சியின் கையில் பிடித்துக் கொடுப்பது. அந்தப் பிள்ளை பொறுமையாகக் கேட்டுவிட்டு, "அக்கா, இதெல்லாம் போனில பாத்தனான். நான் கொழும்புக்கு மட்டுந்தான் எக்ஸ்குளூசிவ், அதுவும் ஒரு வருசத்துக்கு. கொப்பியத் தாங்கோ" என்றாள். எனக்கு அவள்மேல் கோபம் வந்தது. உன்னை விலையாகக் கொடுத்து நான் படித்ததை அவள் பஸ்ஸில் வரும்போதே படித்து முடித்திருக்கிறாள்.

கொழும்பிலிருந்து வந்த தாளோடு நீ ஓமந்தை வீட்டு முற்றத்தில் நின்றது நினைவிருக்கிறது. ஏஜென்சி என்ற சொல்லைக் கேட்டதும் உன் அப்பா, எந்த நாட்டுக்கு என்று கேட்டார். எங்கள் பக்கத்தில் ஏஜென்சி என்றால் வெளிநாட்டுக்கு ஆள் அனுப்புகிறவன்தானே. எத்தனை மாதம் செல்லும், இடையில் பிடிபட்டால் திருப்பி அனுப்புவார்களா, வேறு ஏஜென்சிக்கு மாறலாமா என்று மனிதன் விடாமல் விசாரித்தார். நாங்கள் இருவரும் குசினிக்குள் ஓடிப்போய் விழுந்து விழுந்து சிரித்தோம். அவர் கேட்டதில் பாதியை நான் அந்தத் தாளிடம் கேட்டிருந்தால் போதும்.

நான் ஓ.எல். சோதனையில் ஆங்கிலத்துக்கு ஏ எடுத்தவள். ஊரில் யாருக்கு இங்கிலிஷ் கடிதம் வந்தாலும் என்னிடந்தான் வரும், எனக்கும் அதில் நல்ல தலைக்கனம். நீ ஒரு சொல்லில் விரலை வைத்து, இது என்ன என்று கேட்டாய். வவுனியாவில் சாறிக்கடைகளுக்கு மேலே அந்தச் சொல் மின்னிக்கொண்டிருக்கும், மற்றக் கடைகளில் கிடைக்காத விலை கூடிய சாறிகளுக்காக. எனக்குத் தெரிந்த எக்ஸ்குளூசிவ் அவ்வளவுதான்.

"உன்னை விசேஷமான ஆள் எண்டு எடுத்திருக்கினம். கண்ணை மூடிக்கொண்டு வையடி" என்றேன். நீ கண்ணை மூடவில்லை. என்னைப் பார்த்துச் சிரித்துக்கொண்டே கையெழுத்து வைத்தாய். மீதிப் பக்கங்களை நான் புரட்டினேன், வாசித்தேன் என்று சொல்லமாட்டேன்.

அதன்பிறகு அவர்கள் மூலம் உனக்குக் கிடைத்தது ஒரே ஒரு கலியாண உடுப்புக் கண்காட்சி. முகத்தை வெள்ளையாகப் பூசி அனுப்பினார்கள், முகம் ஒருத்தியுடையது கழுத்து இன்னொருத்தியுடையது என்று வந்து சொல்லிச் சிரித்தாய். பிறகு அவர்கள் கூப்பிடவே இல்லை. அப்போதுதான் சென்னையில் நகை விளம்பரம் எடுக்கும் ஓர் ஏஜென்சி உன் படத்தைப் பார்த்துவிட்டு, இந்த நிறமும் இந்த உயரமும்தான் வேண்டும் என்று எழுதியது. ஊரில் பனங்கொட்டை என்று பெயர் வைத்தார்களே, அந்த நிறம்.

கொழும்புக்காரர் விடவில்லை. உனக்காக நான் எழுதிய கடிதத்துக்கு, நீ கையெழுத்து வைத்த தாளிலிருந்து ஒரு வரியை வெட்டி ஒட்டிப் பதில் அனுப்பினார்கள். மூன்று வருடம், எல்லா நாடுகளும், எக்ஸ்குளூசிவ். அன்றுதான் அகராதியைத் திறந்தேன். வேறு யாருக்கும் இடமில்லை என்று அதில் இருந்தது. விசேஷமும் இல்லை, ஒரு மண்ணும் இல்லை.

விடமாட்டார்களாம் என்று மட்டும் உனக்குச் சொன்னேன். நீ அந்தப் பதிலை வாங்கிப் பார்த்தாய். "நீ வாசிச்சது இதில்லையடி. அவங்கள் பிறகு தாளை மாத்திப்போட்டாங்கள்" என்றாய். நான் தலையாட்டினேன். வெட்கம் கெட்ட தலை, அது ஆடியது.

அதன்பிறகு கார்மென்டில் சேர்ந்தாய். எவளோ போட்டுக்கொண்டு நடக்கப்போகும் உடுப்புக்குக் கை பொருத்தினாய். லீவு நாளில் அப்பாவுக்கு உதவியாக வயலுக்குள் இறங்கினாய், எலிக்காய்ச்சல் வந்தது. வவுனியா ஆஸ்பத்திரிக்கு நான் வந்த பின்னேரம் உன் கண்கள் மஞ்சளாக இருந்தன. பக்கத்துக் கட்டில் அம்மாவிடம் என்னைக் காட்டி, எனக்கு இங்கிலிஷ் வாசிக்கிறவள் இவள்தான் என்று பெருமையாகச் சொன்னாய்.

"இன்னும் ரெண்டு மாசந்தானே, முடிஞ்ச உடன சென்னைக்கு எழுதுவம். அந்தத் தாளையும் நீதான் வாசிக்கோணும். உன்னை விட்டா எனக்கு ஆரடி?"

நான் ஓம் என்றேன். மூன்றாம் நாள் நீ இல்லை.

செத்தவீட்டில் உன் அம்மா என்னைக் கட்டிப்பிடித்துக்கொண்டு அந்த ஏஜென்சிக்காரரை மண்ணள்ளித் திட்டினா. நானும் சேர்ந்து திட்டினேன். உன் வீட்டில் இன்றைக்கும், அவர்கள் தாளை மாற்றிப்போட்டார்கள் என்ற கதைதான். தங்கைக்கு இங்கிலிஷில் ஏதும் வந்தால் பஸ் ஏறி என் கடைக்குக் கொண்டுவருகிறார்கள், ஒவ்வொரு வரியையும் அகராதி வைத்து இரண்டு தரம் வாசிக்கிறேன். எவ்வளவு கவனம் என்று உன் அம்மா மெச்சுகிறா. அதைக் கேட்டுக்கொண்டு இருப்பது எவ்வளவு கேவலம் என்று உனக்குத்தான் சொல்ல முடிகிறது.

அவர்கள் நல்லவர்கள் என்று நான் சொல்ல வரவில்லை. மூன்று வருடம் உன்னைப் பூட்டி வைத்துவிட்டுத் திரும்பியும் பார்க்காதவர்கள். ஆனால் அந்தத் தாளில் அவர்கள் ஓர் எழுத்தைக்கூட மாற்றவில்லையடி.