புல் இன்னும் இருக்கிறது

கெருலென் ஆற்றங்கரை,
கோடை கழியும் நேரம்.

அன்புத் தம்பி தோகனுக்கு அக்கா அல்தானி எழுதுவது. நீயும் சூயிங்கும் குழந்தையும் சுகமா? இங்கே அப்பாவும் நானும் குதிரைகளும் சுகம். ஆடுகள்தான் இளைத்துப் போயிருக்கின்றன. ஏன் என்று பிறகு சொல்கிறேன்.

இதை ஒட்டக வியாபாரி யாகூப் கொண்டுவருகிறார். அஞ்சல் குதிரை இனி வராது. குன்றடியில் இருந்த அஞ்சல் நிலையத்தைப் போட்டது போட்டபடி விட்டுவிட்டு அதிகாரி போய்விட்டார். நல்ல குதிரைகளை மட்டும் மறக்காமல் ஓட்டிக்கொண்டு போனார். நம் கொள்ளுத்தாத்தா காலத்தில் இங்கே ஏறிய தூதன் குதிரை மாற்றி மாற்றி, மேற்கே பனிதேசத்து ஆறுகள் வரை நம் ஆட்சிக்குள்ளேயே போவானாம். இப்போது பக்கத்துப் பள்ளத்தாக்குச் செய்திகூட வருவதில்லை. மேற்கே தங்கிவிட்ட நம் உறவுக்காரர்கள் நம் மொழியையே மறந்துவிட்டார்களாம். இதை அப்பாவிடம் சொன்னேன். புளித்த குதிரைப்பால் கொஞ்சம் உள்ளே போயிருந்த நேரம். "ஊரெல்லாம் நம்மளுதுன்னு சொல்லிட்டு வந்தோம். ஊர்க்காரன்கிட்ட எவன் கேட்டான்?" என்றார். பிறகு கிண்ணத்தை நீட்டி இன்னும் ஊற்றச் சொன்னார்.

யாகூப் சொன்ன செய்தியைக் கேட்டதிலிருந்து எனக்கு நிம்மதியில்லை. தெற்கத்திக் கலகப்படை மஞ்சளாற்றைத் தாண்டிவிட்டதாம். தலைநகருக்கு வரப் போகிறார்களாம். அரண்மனைக் காவலை விட்டு வர முடியாது என்று நீ எழுதியிருந்தாய். அரசரே மூட்டை கட்டுகிறார் என்று சந்தையெல்லாம் பேச்சு. அப்புறம் எதைக் காக்கப் போகிறாய்? முற்றத்தில் நம் ஊர்ப் புல்லைக் கொண்டுபோய் நட்டு வைத்திருக்கிறார்களே, அதையா? கோபித்துக்கொள்ளாதே, பயத்தில்தான் கிண்டல் செய்கிறேன். நீ வராததற்குக் காரணம் காவல் இல்லை என்பது எனக்குத் தெரியும்.

சூயிங்கை முதன்முதலாக அழைத்து வந்த அன்று அவள் நம் கூடாரத்து வாசற்கட்டையை மிதித்துவிட்டாள். பாவம், நகரத்துப் பெண், அவளுக்கு யார் சொன்னார்கள்? அதை மிதிப்பது வீட்டுத் தலைவனின் கழுத்தை மிதிப்பது போல என்று நமக்கு நடை பழகும்போதே சொல்லிவிடுவார்கள். நீ அவளிடம் சொல்லியிருக்க வேண்டும். புது மாப்பிள்ளை மயக்கத்தில் மறந்துவிட்டாய். அப்பா அவளை நம் அடுப்புத் தீயை வணங்க விடவில்லை. தீயை வணங்காதவளை மருமகள் என்று யார் சொல்வார்கள்? நீயும் நான் கொடுத்த பாலைத் தொடாமல் அவளைக் கூட்டிக்கொண்டு போய்விட்டாய். பிடிவாதத்தில் நீ அப்படியே அப்பா.

இப்போது சொல்வதை நான் எழுதியதாகக் காட்டிக்கொள்ளாதே. போன மாதம் கூடாரத்தை இந்த இடத்தில் போட்டபோது அப்பா வாசற்கட்டையைப் பொருத்தவே இல்லை. மண்ணும் காற்றும் தாராளமாக உள்ளே வருகின்றன. பக்கத்து நாய்கூட வந்து படுத்துக்கொள்கிறது. கேட்டதற்கு, "கட்டை உளுத்துப் போச்சு" என்றார். வண்டியில் தேடிப் பார்த்தேன். கட்டை நன்றாகத்தான் இருக்கிறது.

ஆடுகள் இளைத்த கதையும் இதுதான். எல்லோரும் வடக்கே இலையுதிர் கால மேய்ச்சலுக்குப் போய்விட்டார்கள். நாங்கள் மட்டும் தெற்குச் சாலை ஓரத்திலேயே உட்கார்ந்திருக்கிறோம். கிளம்பலாமா என்று கேட்டால், "புல்லு இன்னும் இருக்கு" என்கிறார். வேர் வரை கடித்தாகிவிட்டது, தம்பி. தினமும் காலையில் குன்றின் மேல் ஏறித் தெற்கே பார்த்துக்கொண்டு நிற்கிறார். காணாமல் போன குதிரையைத் தேடுகிறாராம். நம்மிடம் எந்தக் குதிரையும் காணாமல் போகவில்லை.

அண்ணன்மார் அவரவர் பங்கை ஓட்டிக்கொண்டு போய்விட்டார்கள். நம் வழக்கப்படி அப்பாவின் அடுப்பும் வீடும் கடைக்குட்டிக்குத்தான், உனக்குத்தான். முதல் பனிக்குமுன் இங்கிருந்து நகராவிட்டால் ஆடுகள் பிழைக்காது. நீ வராமல் அவர் நகரமாட்டார். என் வார்த்தைக்கு இந்த வீட்டில் என்ன மதிப்பு என்று உனக்கே தெரியும்.

அந்தச் சாம்ராஜ்யம் போனால் போகட்டும். அதை நீ கட்டவும் இல்லை, இடிக்கவும் இல்லை. சூயிங்கைக் குதிரையில் உன் முன்னால் உட்கார வைத்து, குழந்தையை நடுவில் கட்டிக்கொண்டு வா. பட்டும் பாத்திரமும் வேண்டாம். தினமும் கறந்த முதல் பாலைத் தெற்குப் பக்கம் தெளித்து, உங்கள் மூவருக்கும் வழி நல்லபடியாக அமையட்டும் என்று வேண்டிக்கொள்கிறேன்.

நேற்று அப்பா குன்றிலிருந்து இறங்கும்போது கால் இடறி உட்கார்ந்துவிட்டார். எழுந்திருக்க மனமில்லாமல் அப்படியே இருந்தார். எனக்குத் தாங்கவில்லை. தோகன் கிளம்பிவிட்டான், யாகூப் வழியில் பார்த்தாராம் என்று சொல்லிவிட்டேன். அவர் உடனே எழுந்தார். உள்ளே போய் மெத்தென்ற ஆட்டுக்குட்டித் தோல் ஒன்றைத் தேடி எடுத்து வந்து, "புள்ள எவ்ளோ உசரம் இருக்கும்?" என்று கேட்டார். எனக்கென்ன தெரியும்? சும்மா கையை வைத்துக் காட்டினேன். அந்த அளவுக்குச் சட்டை தைத்துக்கொண்டிருக்கிறார்.

நான் சொன்ன பொய்யை நீதான் மெய்யாக்க வேண்டும், கண்ணா.

உன் வழி பார்த்திருக்கும்
அக்கா அல்தானி