கார் ஷெட்டில் ஈரம்

மார்ச் 4, செவ்வாய்

தரை அரைக்கும் கிரைண்டரை வாடகைக்கு எடுத்து வந்தேன். நின்றபடி தள்ளுகிற வகை. கடைக்காரர் என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, "நீங்க இதைத் தள்ளுவீங்களா, இது உங்களைத் தள்ளுமா?" என்றார். இரண்டும் நடந்தது.

மறுவாழ்வு இல்லத்திலிருந்து நர்ஸ் மறுபடி போன் செய்தார். மாதக் கடைசிக்குள் அப்பாவை அழைத்துப் போக வேண்டும். இல்லையென்றால் நிரந்தரப் பிரிவுக்கு மாற்றச் சம்மதம் என்று அவர்கள் கொடுத்த பேப்பரில் கையெழுத்து வேண்டும். பக்கவாதம் வந்து மூன்று மாதம் ஆகிறது. இடது பக்கம் இன்னும் அசையவில்லை. நாங்கள் இருப்பது மாடியில். கீழே கார் ஷெட் மட்டும்தான், அதுவும் காலி. புழுதி கிளம்பாத, விரிசல் இல்லாத, துடைத்தெடுக்கிற தரை இருந்தால் அவரை அங்கே படுக்க வைக்கலாமாம். எபாக்சி என்கிற பிசின் பூச்சைப் பூசினால் ஆகும். பூசுவதற்கு முன் அரைக்க வேண்டும்.

மார்ச் 6, வியாழன்

முகமூடியையும் மீறி மூக்கெல்லாம் சிமென்ட். தும்மினால் சாம்பல் வருகிறது. பழைய பெயின்ட் செதில் செதிலாகக் கிளம்புகிறது. எண்ணெய்க் கறை மட்டும் அசைய மாட்டேன் என்கிறது.

அப்பா போனில் வந்தார். முப்பது வருடம் கட்டட வேலைகளில் கான்கிரீட் மேஸ்திரி. விடுவாரா? "மேல இருக்கிற பால் ஏடு, அந்த சிமென்ட் தோல், போகணும். ஒரு சொட்டுத் தண்ணி விட்டுப் பாரு. முத்தா நின்னா இன்னும் அரை. குடிச்சிடுச்சுன்னா போதும்." நாக்கு குழறினாலும் அதிகாரம் குழறவில்லை.

"அம்மாகிட்ட குடுக்கவாப்பா?"

"அவகிட்ட என்ன இருக்கு பேச? வை."

மார்ச் 9, ஞாயிறு

குடித்துவிட்டது.

மார்ச் 10, திங்கள்

நேற்றே விரிசல்களை அடைத்து, தூசியை மெஷினால் உறிஞ்சி எடுத்திருந்தேன். இன்று ஆபீஸ் முடிந்து வந்தால், அம்மா முழங்கால் வரை புடவையைச் செருகிக்கொண்டு, பக்கெட் பக்கெட்டாக ஊற்றித் துடைப்பத்தால் தேய்த்துக்கொண்டிருக்கிறாள்.

"ஐயோ, அம்மா! தண்ணி படக்கூடாதும்மா!"

"தண்ணி ஊத்திக் கழுவாம அது என்னடி சுத்தம்? மனுஷன் படுக்கப்போற எடம்."

இத்தனை வருடமும் அவள் அன்பு காட்டியது தண்ணீரும் துடைப்பமும் கொண்டுதான். ஆனால் அரைத்த தரை, தோலுரித்த தரை. ஊற்றியதையெல்லாம் உள்ளே வாங்கிக்கொண்டது.

கடைக்காரர் உச்சுக்கொட்டினார். "நாளு பிடிக்கும்மா. பிளாஸ்டிக் ஷீட்டை நாலு பக்கமும் டேப் போட்டு ஒட்டி, ஒரு நாள் விட்டுப் பாருங்க. அடியில வேர்த்திருந்தா பூசாதீங்க. கொப்புளமா கிளம்பிடும்."

மார்ச் 15, சனி

வேர்த்திருக்கிறது.

மார்ச் 16, ஞாயிறு

அப்பாவைப் பார்க்கப் போனேன். தலைவலி என்று அம்மா வரவில்லை. போன வாரமும் தலைவலிதான்.

"இங்க தண்ணி வேணும்னா மணி அடிக்கணுமாம். அடிச்சிட்டுக் காத்துக் கெடக்கணும். வீட்டுல ஒரு குரல் குடுத்தா போதும்" என்றார். கிளம்பும்போது வலது கையால் என் விரலைப் பிடித்தார். "சீக்கிரம் கூட்டிட்டுப் போம்மா." அப்பா யாரிடமும் எதையும் கேட்டு நான் பார்த்ததில்லை. வாங்கித்தான் பார்த்திருக்கிறேன்.

பஸ்ஸில் புத்தகத்தைத் திறந்து ஒரே பக்கத்தை நான்கு முறை படித்தேன்.

மார்ச் 20, வியாழன்

ஒரு மூலையில் மட்டும் லேசான ஈரம். சனிக்கிழமை பூசிவிடலாம் என்று அம்மாவிடம் சொன்னேன். "ம்" என்றாள்.

மார்ச் 21, வெள்ளி

தரை முழுக்கத் தண்ணீர். குழாயில் மாட்டிய டியூப் ஷெட்டுக்குள் கிடக்கிறது, திறந்தபடியே.

"செடிக்கு விட்டேன். மறந்துட்டேன்."

செடி வாசலில் இருக்கிறது. ஒரு குழாய் சொட்டினால்கூடத் தூக்கம் கலைந்து எழுந்து போகிறவள் அவள்.

"வேணும்னே பண்ணியாம்மா?"

அவள் டியூப்பைச் சுருட்டினாள். சுருட்டி முடித்து மறுபடி அவிழ்த்தாள்.

"முப்பத்தோரு வருஷம்டி. நான் தட்டைப் போட்டு உட்கார்ந்தாதான் அவருக்குத் தாகம் எடுக்கும். இந்த மூணு மாசமாத்தான் சோத்தைச் சூடா சாப்பிடுறேன்." பிறகு, ரொம்ப மெதுவாக: "வர வேணாம்னு ஒரு பொண்டாட்டி எப்படிடி வாயால சொல்லுவா?"

"நான் பாத்துக்கறேன்மா. எல்லாம் நானே —"

"நீ காலையில எட்டு மணிக்கு ஆபீஸ் போறவ."

குழாயை இறுக மூடிவிட்டு மேலே வந்தேன்.

மார்ச் 22, சனி

கோபம் வருகிறது. யார்மேல் என்றுதான் தெரியவில்லை. எந்தெந்த நாட்டுப் பெண்களின் துயரத்தையோ படித்துப் புத்தகத்தின் ஓரத்தில் கோடு போட்டிருக்கிறேன். அதே நேரம் அடுத்த அறையில் ஒருத்தி ஆறிய சோற்றைப் பிசைந்துகொண்டிருந்திருக்கிறாள். எனக்கும் அவள்தான் தட்டு கொண்டுவந்தாள். நானும் நிமிர்ந்து பார்க்கவில்லை.

அப்பாவின் விரல் பிடி இன்னும் கையில் இருக்கிறது. அதை எங்கே வைப்பேன்?

மார்ச் 25, செவ்வாய்

ஒரே அனல். மின்விசிறியை ஷெட்டில் ஓடவிட்டிருக்கிறேன். எதற்கு என்று கேட்காமல் அம்மா அதைத் தாண்டிப் போகிறாள். நானும் கேட்டுக்கொள்ளவில்லை.

மார்ச் 29, சனி

ஷீட்டைப் பிரித்தேன். ஒரு முத்துகூட இல்லை. சுக்காகக் காய்ந்திருக்கிறது. நாளை பூசினால் செவ்வாய்க்குள் நடக்கலாம். இரண்டு நாள் பொறுத்துக்கொள்ளுங்கள் என்றால் நர்ஸ் கேட்பார்.

அம்மா படியில் நின்றிருந்தாள். அந்த முகத்தை எழுத வேண்டாம்.

மார்ச் 30, ஞாயிறு

அப்பாவுக்கு முகச்சவரம் செய்துவிட்டிருந்தார்கள். சின்னதாகத் தெரிந்தார்.

"காஞ்சிடுச்சா?"

"இல்லப்பா. இன்னும் வேர்க்குது."

என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். எத்தனை நாளில் எந்தக் கான்கிரீட் காயும் என்று அவருக்கு யாரும் சொல்ல வேண்டியதில்லை. ஜன்னலுக்கு வெளியே கொடியில் இல்லத்துப் போர்வைகள் மொடமொடவென்று காய்ந்து, காற்றில் சத்தம் போட்டன. அவரும் அதைத்தான் பார்த்தார்.

"காத்துல ஈரம் ஜாஸ்தி" என்றார் கடைசியில். "இப்போதைக்குக் காயாது."

பிறகு வலது கையை நீட்டினார்.

"அந்தப் பேப்பரைக் குடு."

நான் அதைப் பையிலிருந்து இன்னும் எடுத்திருக்கவேயில்லை.