அவ என்ன பண்ணினாளோ

மார்ச் 4, செவ்வாய்

இன்றும் பேராசிரியையின் உளவியல் ஆய்வுக்கு வந்த விடைத்தாள்களை வாசிக்கும் வேலைதான். எல்லோருக்கும் கொடுத்தது ஒரே கதை: வேலை முடிந்து வீட்டுக்கு வரும் பெண்ணை எவனோ தாக்குகிறான். முடிவு மட்டும் வேறு: பாதிப் பேரின் கதையில் அவன் பிடிபட்டு ஜெயிலுக்குப் போகிறான். மற்றவர்கள் கதையில் தப்பிவிடுகிறான். அவள் எப்படிப்பட்டவள் என்று எழுதவேண்டும்.

அவன் பிடிபட்டால் அவள் 'தைரியசாலி'. தப்பிவிட்டால்? 'அந்நேரத்தில் அங்கே என்ன வேலை?' 'திமிர் பிடித்தவளாக இருக்கலாம்.' திமிராம்! கதையில் அவள் வாயே திறக்கவில்லை.

பேராசிரியை அலட்டிக்கொள்ளவில்லை. "உலகம் நியாயமா நடக்குதுன்னு நம்பினாத்தான் நமக்குத் தூக்கம் வரும். தப்பு செஞ்சவன் ஜாலியா சுத்தினா அந்த நம்பிக்கை ஆடிப்போகும். அதுக்குப் பதிலா அவளைத் திட்டிடறது சுலபம்."

மார்ச் 6, வியாழன்

அக்கா மத்தியானமே வேலையிலிருந்து வீட்டுக்கு வந்துவிட்டாள். ஸ்கேன் சென்டர் மேனேஜர், ஃபைல் ரூமில் இடுப்பில் கை வைத்திருக்கிறான். தள்ளிவிட்டு நேரே முதலாளியம்மாவிடம் போயிருக்கிறாள். "விசாரிக்கிறேன். அதுவரைக்கும் நீ வீட்ல இரு."

இவள் வீட்டில். அவன் ஏசி ரூமில்.

மார்ச் 11, செவ்வாய்

ச்சீ.

சித்தி வந்திருந்தாள். "அங்க எத்தனை பொண்ணுங்க இருக்கு, இவளை மட்டும் ஏன்?" அம்மா மறுப்பாள் என்று பார்த்தேன். "எல்லார்கிட்டயும் பல்லைக் காட்டிப் பேசாதேன்னு தலைபாடா அடிச்சுக்கிட்டேன்" என்கிறாள். பெற்றவள்! அப்பா டிவி சத்தத்தைக் கூட்டிவைத்தார்.

நான் கத்தினேன். "இதையேதான் முன்னப்பின்ன தெரியாதவங்க எழுதித் தர்றாங்க, நான் உக்காந்து வாசிக்கிறேன்!"

"உன் படிப்பை ஆபீசோட வெச்சுக்கோ" என்றாள் அம்மா.

அக்கா எழுந்துபோய்க் குளியலறைக் கதவைச் சாத்திக்கொண்டாள்.

மார்ச் 12, புதன்

அம்மா பரிமாறினாள். பாதியில் எழுந்துவிட்டேன். பேராசிரியை சொன்ன காரணம் தெரிந்தால் அருவருப்பு குறையவேண்டாமா? கூடத்தான் செய்கிறது.

மார்ச் 20, வியாழன்

அக்கா சும்மா இருக்கவில்லை. கூட வேலை பார்த்த டெக்னீஷியன் பெண்ணை வீடு தேடிப்போய்ப் பார்த்திருக்கிறாள். அவளுக்கும் நடந்திருக்கிறது. "வெளிய சொன்னா என்னைத்தான் கேப்பாங்கன்னு இருந்துட்டேன்" என்று அழுதாளாம். நாளை இருவரும் சேர்ந்து முதலாளியம்மாவைப் பார்க்கிறார்கள்.

மார்ச் 27, வியாழன்

மேனேஜரை வேலையை விட்டு நீக்கிவிட்டார்கள். போலீஸ் புகாரும் பதிவாகிவிட்டது. அக்காவைத் திங்கள் முதல் வரச்சொல்லியிருக்கிறார்கள்.

ஏப்ரல் 6, ஞாயிறு

மறுபடியும் சித்தி. இந்தத் தடவை ராகம் வேறு. "நம்ம வீட்டுப் பொண்ணா கொக்கா!" அம்மா போனில் யாரிடமோ, "சின்ன வயசிலேர்ந்தே அவ அப்படித்தான், அநியாயம்னா விடமாட்டா" என்று பூரித்துக்கொண்டிருந்தாள். யாருக்கும் நாக்கு கூசவில்லை.

அக்கா உள்ளே துணிகளை மடித்துக்கொண்டிருந்தாள். வேலை இடத்துக்குப் பக்கத்தில் ஒரு அறை பார்த்திருக்கிறாளாம், டெக்னீஷியன் பெண்ணோடு.

அம்மா போனைக் கையால் மூடிக்கொண்டு ஓடிவந்தாள். "எல்லாந்தான் சரியாயிடுச்சே, இப்ப எதுக்குடி?"

அக்கா பெட்டியை மூடித் தூக்கினாள். பெட்டி கனமாக இருந்தது. ஒரு பக்கம் நான் பிடித்துக்கொண்டேன்.